வில்லோக் கொப்பில் ஒரு ராசா

— குருத்தோலை எண்டு சொல்லி இதையோ சனத்துக்குக் குடுத்தனீர், மெற்றில்டா? இது எங்கட வளவுக்குள்ள நிண்ட வில்லோ மரத்தின்ர கொப்பெல்லே?

— மெல்லக் கதையுங்கோ. பூசை முடிஞ்சு பாதர் இன்னும் வாசலிலதான் நிக்கிறார். ஓம், எங்கட மரம்தான். வேலையால நேர கோயிலுக்கு வந்த மனிசன், வந்ததும் வராததுமா என்ன விசாரணை?

— எத்தினை கொப்பு வெட்டினனீர்?

— அதை ஆர் எண்ணினது? தென்னங்குருத்து வரேல்லை. கொழும்பில பிளேனில ஏத்தேல்லையாம். கடைக்காரன் நேற்று மத்தியானம்தான் ஆறுதலா போன் எடுத்துச் சொல்லுறான். பீட வேலை முழுக்க என்ர தலையில. குருத்தோலைத் திருநாளுக்குச் சனம் வெறுங்கையை ஆட்டிக்கொண்டு ஓசன்னா பாடுறதே? பாதர்தான் சொன்னவர், இந்த நாட்டில முந்தி ஓலை கிடைக்காத காலத்தில வில்லோக் கொப்பைத்தான் பிடிச்சவையாம், இந்த வெள்ளிப் பஞ்சுமாதிரிப் பூ வைச்சதை. எங்கட வீட்டில ஒரு மரம் சும்மா நிக்குது பாதர் எண்டன். அவருக்கெண்டாச் சரியான சந்தோசம்.

— முழு மரத்தையுமோ குடுத்தனீர்?

— அடிமரம் நிக்குது. தன்பாட்டில முளைச்ச மரம்தானே அது. உடுப்புக் காயப்போட ஒரு துண்டு வெயில் விடுதே? பீட வேலைக்கு என்னோட நிக்கிற எமில்டாவும் நானும் நேற்றுப் பின்னேரம் நிண்டு வெட்டினது. நீங்கள் ஷிப்ட் முடிஞ்சு இருட்டில வந்து படுத்தியள், விடியமுன்னம் எழும்பிப் போட்டியள். வளவை எட்டிப் பாத்தாத்தானே தெரியும்.

— ஷெட்டுக்குப் பின்பக்கம் ஒரு கொப்பு வளைஞ்சு நிண்டது. என்ர தோள் உயரத்தில.

— நிண்டதெண்டா அதும் வந்திருக்கும். ஏன் இப்ப பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?

— அதிலதானப்பா ராசா இருந்தவர்.

— எந்த ராசா?

— எங்கட பிள்ளை ஜெனோஜாவின்ர புழு.

— சேசுவே.

— சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அதைத்தானே படமெடுத்துப் பிள்ளைக்கு அனுப்புறனான். நேற்றுக் காலமையும் வேலைக்கு வெளிக்கிட முன்னம் எடுத்து அனுப்பினனான். உடன போன் எடுத்தவள். ‘அப்பா, சித்திரை பிறக்க அது எழும்பும், பாக்க வாறன், ஈஸ்டருக்கு நிப்பன்’ எண்டு நேற்றுத்தான்...

— தெரியும்.

— உமக்கு எப்பிடித் தெரியும்? நீர் குசினிக்குள்ள சட்டி கழுவிக்கொண்டெல்லே நிண்டனீர்?

— பைப்பைப் பூட்டிப்போட்டுக் கேட்டுக்கொண்டு நிண்டனான். ஒவ்வொரு சனியும் அப்பிடித்தான். இப்ப அதையோ துருவிறியள்? அந்தப் புழு எங்கை எண்டு சொல்லுங்கோ.

— நானோ சொல்லுறது? வெட்டிக் குடுத்தது நீர். இந்த மண்டபத்துக்குள்ள பாரும், ரோல்ஸ் தின்னுற ஒவ்வொரு கையிலயும் ஒரு கொப்பு. இதில ஆரைப் போய்ப் பிடிக்கிறது? விடும். நகக்கண் அளவு புழு. போனது போகட்டும். பிள்ளையிட்ட நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறன்.

— விடுறதோ? செப்ரெம்பருக்குப் பிறகு என்ர பிள்ளை இப்பதான் வாறனெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கிறாள். அதுவும் என்னைப் பாக்க இல்லை, உங்களைப் பாக்கவும் இல்லை. புழுவைப் பாக்க. அந்தப் புழுவையும் நான் வெட்டிப்போட்டன் எண்டா அவள் எதுக்கு இந்தப் பக்கம் வரப்போறாள்? சொல்லுங்கோ பாப்பம்.

— அதுக்காக மந்திரிச்ச கொப்பை ஆக்களின்ர கையிலயிருந்து பறிக்கிறதே?

— பறிக்கேல்லை. ஊரில குருத்தோலையில சிலுவை பின்னித் தாறதெல்லே? இதுக்கும் நுனியில ஒரு சிலுவை கட்டித் தாறன், கொண்டு வாங்கோ எண்டா வரிசையில வருவினம். ஒவ்வொண்டா என்ர கைக்கு வரும். நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில நில்லுங்கோ, நூல் வெட்டித் தாற மாதிரி.

— பொல்லாத மனிசியப்பா நீர்.

— பேந்து புகழலாம், நூலை எடுங்கோ. பிள்ளையள், இஞ்சை ஒருக்காக் கேளுங்கோ. ஒருத்தரும் கொப்பைச் சும்மா வீட்டை கொண்டு போகாதையுங்கோ. நுனியில வடிவாச் சிலுவை கட்டித் தாறன். ரோல்ஸ் பிறகும் சாப்பிடலாம். மேரிசாந்தி, நீர் முதல்ல வாரும். ஆட்டாமல் கொண்டு வாரும், பூ கொட்டுப்படும்.

— இதில இல்லை.

— வடிவாப் பாத்தனீங்களே?

— பாத்தனான். கட்டிக் குடுத்து அனுப்பும். அடுத்தது.

— எனக்கும் சொல்லுங்கோவன், எப்பிடி இருக்குமெண்டு. நானும் பாக்கலாமெல்லே.

— மொட்டோட மொட்டா ஒட்டிக்கொண்டிருக்கும். கபில நிறம். நெல்லிலும் பாக்கக் கொஞ்சம் பெரிசு. தலையில ரெண்டு கொம்பு.

— கொம்போ? கொம்பு பிசாசுக்கெல்லே இருக்கிறது? அதைக் கோயிலுக்குள்ள கொண்டு வந்து தீர்த்தமும் தெளிச்சுப் போட்டம்.

— சிரிக்காமல் நூலைச் சுத்தும். பாதரும் தன்ர கொப்பைக் கொண்டு வாறார்.

— வாங்கோ பாதர். ஓம் பாதர், ஊர் வழக்கம்தான். இஞ்சை தாங்கோ. ம்... இஞ்சாருங்கோ, பாருங்கோ.

— இல்லை.

— பாதர், இந்தாங்கோ. நல்லா இருக்கே? சந்தோசம்.

— மெற்றில்டா, இதோட சரி. மண்டபத்துக்குள்ள இருந்த கொப்பு முழுக்கப் பாத்தாச்சு. வளைஞ்ச கொப்பு இதுகளுக்குள்ள இல்லவே இல்லை.

— அப்ப எங்கை? பொறுங்கோ. எமில்டா. அவள்தான் பூசை முடிய முன்னமே வெளிக்கிட்டவள், தன்ர ஊர், பார்க்கிங் டவுனில வருத்தமாக் கிடக்கிற ஆக்களுக்குக் குடுக்கவேணுமெண்டு. ரெண்டு கையும் நிறைய அள்ளிக்கொண்டு போனவள். காரை எடுங்கோ.

— இப்பவோ? விடியக் காலமை வேலைக்குப் போன மனிசன் நான். ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கேல்லை.

— எமில்டா வீட்டில குடிக்கலாம். எழும்புங்கோ.

— சீற் பெல்ற்றைப் போடும். இந்த நேரம் நோர்த் சேர்க்குலர் ரோட்டில வாகனம் எப்பிடி இருக்கும் தெரியுமே? உமக்கு வேளாங்கண்ணிக்குப் போற அவசரம்.

— கதைக்காமல் ஓடுங்கோ, நான் அவளுக்கு அடிக்கிறன். ஹலோ, எமில்டா? ஓம், நான்தான். நீர் கொண்டு போன கொப்புகளை ஆருக்கும் குடுத்துப் போட்டீரோ? ... இன்னும் இல்லையோ? மாதாவே ஸ்தோத்திரம். எங்கை வைச்சிருக்கிறீர்? ... பாத் ரப்புக்குள்ளயோ? ... என்னெண்டு, தண்ணி விடுறீரோ? பூட்டும், பூட்டும். உடன பூட்டும். ... விசர் இல்லையடியப்பா, வந்து சொல்லுறன். ஒண்டையும் உதறிப் போடாதையும். ... வைக்கிறன்.

— புழு தண்ணிக்குள்ள தாண்டு போச்சோ?

— அடியில மட்டும் தண்ணியாம். பூப் பக்கம் மேலயாம். அந்தோனியாரே, காணாமற்போன சாமான் எல்லாம் தேடித் தாறனீர், இதையும் ஒருக்காப் பாரும். இதில ஏன் இப்ப நிக்கிறியள்?

— சிவப்பு லைற்.

— உங்களுக்கெண்டு பிடிக்கும். சரி, கேக்கிறன் எண்டு நினைக்காதையுங்கோ. அந்தப் புழுவில அப்பிடி என்ன கிடக்கு? பாமசி படிச்ச பிள்ளை, ஹரோவில நல்ல கடையில நல்ல வேலை. அதை விட்டுப்போட்டு பூட்ஸையும் போட்டுக்கொண்டு காடு காடா அலையிற அளவுக்கு என்ன கிடக்கு?

— இவ்வளவு காலமும் கேக்காத கேள்வி.

— இப்ப கேக்கிறன். சொல்லுங்கோ.

— நான் சொல்லுறது அவள் எனக்குச் சொன்னதுதான். பிழையெண்டா என்னோட பாயக்கூடாது. அது ஊதா ராசா எண்டு சொல்லுற வண்ணாத்திப்பூச்சி. ஆடி மாசம் தாய்க்காரி வந்து, வில்லோ மரத்தில நிழலான இலையாப் பாத்து ஒரு முட்டை வைப்பா. பக்கத்தில ரெண்டாவது வைக்க மாட்டா. வைச்சுப்போட்டுப் போயிடுவா, திரும்பிப் பாக்கிறதில்லை.

— அப்பிடியும் ஒரு தாய்.

— அவவுக்கு அவ்வளவுதான் ஆயுள், பாவம். பிறகு குஞ்சு வரும். பச்சைப் புழு. இலையின்ர நுனியில குந்திக்கொண்டு இருக்கும், கொம்பை நீட்டிக்கொண்டு. இலையுதிர் காலம் வர அதுக்கு விளங்கியிடும், இந்த இலை விழப்போகுது, இதிலயே இருந்தாத் தானும் விழவேணும் எண்டு. மெல்ல நடந்து கொப்புக்கு வந்து, மொட்டுக்குப் பக்கத்தில பட்டு நூலால ஒரு சின்னப் பாய் பின்னும். பிறகு அதில படுத்து, பச்சை நிறத்தை விட்டுக் கபிலமாகும். பனிக்காலம் முழுக்க அப்பிடியே கிடக்கும்.

— கூடில்லாமலோ?

— கூடும் இல்லை, போர்வையும் இல்லை, சாப்பாடும் இல்லை. மழையும் பனியும் அதின்ர முதுகிலதான். குருவியள் வேற தேடித் திரியும், அந்தக் காலத்தில அதுகளுக்கும் தின்ன ஒண்டும் இல்லையெல்லே. தப்புறது கொஞ்சம்தானாம். அதுதான் பிள்ளை சனிக்குச் சனி கேக்கிறவள், இருக்கோ அப்பா, இருக்கோ அப்பா எண்டு. லண்டன் ஓரத்தில எத்தினை தப்புது எண்டு காடு காடாப் போய்ப் பாக்கிறதுதானே இப்ப அவளின்ர வேலை.

— பிறகு?

— பிறகென்ன, சித்திரையில மொட்டு வெடிக்க இவரும் எழும்புவார். திரும்பப் பச்சையாகி இலையைத் தின்பார். ஆனியில இலைக்குக் கீழ தொங்குவார், இலை மாதிரியே. ஆடியில ராசாவாப் பறப்பார். அந்த ஊதாவும் எல்லாருக்கும் தெரியாது. வெயில் ஒரு சரிவா விழ வேணும், அப்பதான் மின்னும். இல்லாட்டி வெறும் கறுப்பு. பறந்து போய் ஓக் மரத்தின்ர உச்சியில குந்துவார். பிள்ளையளுக்கு வில்லோ, தகப்பன்மாருக்கு ஓக். ரெண்டும் பக்கத்தில பக்கத்தில வேணும். எங்கட பின்வேலிக்கு அங்கால காட்டில ஓக், இங்கால எங்கட வில்லோ. அதுதான் தாய்க்காரி எங்கட வளவைத் தேடி வந்தது.

— அதைத்தான் நான் களை எண்டு வெட்டினனான்.

— உம்மை மட்டும் சொல்லக்கூடாது. காடு பாக்கிற ஆக்களே முந்தி உந்த மரத்தைக் களை எண்டு பிடுங்கி எறிஞ்சவையாம். அதாலதான் லண்டன் பக்கம் இந்தப் பூச்சியே இல்லாமல் போனது. இப்பதான் விட்டு வைக்கினம், இதுகளும் திரும்பி வருதுகள்.

— ராசா எண்டா நல்ல பூவாப் பாத்துத்தான் தேன் குடிக்குமாக்கும்.

— பூவை ஏறெடுத்தும் பாக்காது. உச்சியில இருந்து இறங்கி வாறதெண்டா நாய்ப் பீ, சேறு, அழுகின மீன். அதுக்குத்தான் வரும்.

— சீ.

— வெள்ளைக்காரர் இறால் பேஸ்ற் பூசி வைச்சுக் கூப்பிடுறவையாம். ‘எங்கட வீட்டில மன்னார்க் கருவாடு இருக்கு, போதுமோ’ எண்டு கேட்டன். பிள்ளை விழுந்து விழுந்து சிரிச்சவள்.

— அப்ப ஃப்றீசருக்குள்ள அடியில ஒளிச்சு வைச்சிருக்கிற பாரைக் கருவாடு இதுக்கோ? நான் தேடாத இடமில்லை. எமில்டாதான் எடுத்திட்டாளெண்டு நினைச்சு அவளோட ரெண்டு நாள் முகம் குடுத்துக் கதைக்கேல்லை.

— ஆடிக்கு வேலியில கட்டி விடலாமெண்டு வைச்சனான். கேட்டா நீர் தருவீரே?

— இப்ப தருவன். கொண்டு போய் முழுப் பையையும் கட்டுங்கோ. என்ர பிள்ளை சிரிச்சதெண்டா.

— சிரிச்சவள்.

— அண்டைக்கு அவள் வெளிக்கிட்டுப் போகேக்க ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. நானும் வாயை வைச்சுக்கொண்டு இருந்திருக்கலாம். ‘புழுப் பொறுக்கப் போறாயெண்டா இந்த வாசல்படி மிதியாதை’ எண்டு என்ர வாயாலதான் வந்தது. வந்த உடனயே எனக்கு விளங்கினது. ஆனாத் திருப்பி விழுங்க ஏலுமே?

— அவள் உடன போகேல்லை, மெற்றில்டா. நீர் மேல அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினீர். அவள் பின்வளவுக்குப் போய் அந்த மரத்துக்குக் கீழ நிண்டு அழுதவள்.

— அழுதவளோ? என்னட்டைச் சொல்லேல்லை.

— நீர் கேக்கேல்லை. நான் போய்ப் பக்கத்தில நிண்டன். அழுதுகொண்டு நிண்டவள் திடீரெண்டு நிப்பாட்டிப்போட்டு, ‘அப்பா, அசையாதையுங்கோ, இஞ்சை பாருங்கோ’ எண்டாள். அவளின்ர மூக்குக்கு முன்னால, ஒரு இலையில, இவர். ரெண்டு கொம்போட. கண்ணீரைத் துடைக்கவும் இல்லை, சிரிக்கிறாள். ‘இதை எனக்காகப் பாத்துக்கொள்ளுங்கோ, நான் வந்து பாக்க ஏலாது’ எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவள்.

— என்ர வீட்டு வளவுக்குள்ள வர ஏலாதெண்டு.

— இப்ப அழாதையும். பார்க்கிங் வந்திட்டுது.

— நான் அழேல்லை. ஹீற்றர் காத்துக் கண்ணில படுது.

— ஒருக்கா நீராவே போன் எடுத்திருக்கலாமெல்லே?

— எடுத்து, அவள் எடுக்காட்டி?

— எடுப்பாள்.

— நீங்கள் சொல்லுவியள். உங்களோட கதைக்கிறாள், உங்களுக்கென்ன. நான் அடிச்சு அது சும்மா அடிச்சுக்கொண்டே கிடந்தா, அதுக்குப் பிறகு நான் எந்த முகத்தோட இருக்கிறது? காரை இதில விடுங்கோ. இதுதான் எமில்டா வீடு.

— வணக்கம் எமில்டா. மன்னிக்கவேணும், இவவுக்கு ஒரு அவசரம்.

— எமில்டா, ஒண்டும் கேக்காமல் போய் இவருக்கு ஒரு தேத்தண்ணி ஊத்தும். பாத் றூம் மேலதானே? நாங்கள் பாத்துக்கொள்ளுறம். கருவாட்டு விசயத்துக்கும் மன்னிச்சுக்கொள்ளும். பிறகு சொல்லுறன்.

— லைற்றைப் போடும். ஒரேயடியா அள்ளாதையும், ஒவ்வொண்டா.

— இது நேர்க் கொப்பு. இதும் நேர். இது சின்னன். இது... இஞ்சாருங்கோ, இது வளைஞ்சது.

— பொறும். அசைக்காதையும். கண்ணாடி... ஓம். இதுதான். தோல் வெடிச்ச இந்த இடம், ரெண்டாப் பிரியிற இந்தக் கவர். இதை நான் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லுவன். இந்தா, பாரும். படுத்திருக்கிறார் ராசா.

— இதோ? இவ்வளவுதானோ?

— வேறென்ன, முடியோட வருவாரெண்டு பாத்தனீரோ?

— கொம்பைக் காணேல்லையே.

— தலையை உள்ள வைச்சுக்கொண்டு கிடக்கிறார். நித்திரையெல்லே.

— சீவன் இருக்கோ?

— நித்திரை கொள்ளுறதைத் தட்டி எழுப்பிக் கேக்கிறதே?

— அந்தோனியாரே, உமக்கு ஒரு கட்டு மெழுகுதிரி. இல்லை, ரெண்டு கட்டு. விடுங்கோ, நான் பிடிக்கிறன். நீங்கள் கார் ஓடுங்கோ. எமில்டா, தேத்தண்ணி வேண்டாம், நாங்கள் போறம். மிச்சக் கொப்பு முழுக்க நீரே எடும்.

— ஒரு மிடறு குடிச்சுப்போட்டு...

— வீட்டை போய்க் குடிக்கலாம். கதவைத் திறவுங்கோ, என்ர கை ரெண்டும் கொப்பில.

— ஏறினீரே? சரி.

— ஹீற்றரை நிப்பாட்டுங்கோ. சூடு பட்டா நேரத்துக்கு முன்னம் எழும்பியிடும். எழும்பினா எதைத் தின்னுறது? மரத்தில ஒரு இலை இல்லை.

— எனக்குக் குளிருது.

— ஜக்கெற் பூட்டைப் போடுங்கோ. மெல்ல, மெல்ல. குழி.

— ஆஸ்பத்திரியால ஜெனோஜாவைக் கொண்டு வரேக்கையும் நீர் பின் சீற்றில இருந்து இப்பிடித்தான். குழி, குழி எண்டு. அண்டைக்குப் பின்னால வந்தவன் எல்லாம் ஹோர்ன் அடிச்சவன்.

— அண்டைக்கும் நீங்கள் கெதியாத்தான் ஓடினனீங்கள். இஞ்சாருங்கோ, இதை இனி எங்கை வைக்கிறது? அடிமரத்தில கட்டினாச் சரிவருமோ? பட்ட கொப்பில இலை வராதெல்லே.

— பிள்ளையைத்தான் கேக்கவேணும். வீட்டை போய் நான் எடுத்துக் கேக்கிறன். பூனை முறிச்சுப்போட்டுது எண்டு சொல்லுவம்.

— பூனையோ? வேண்டாம். வெட்டினது நான். நான்தான் சொல்லவேணும்.

— நீரோ கதைக்கப்போறீர்?

— உங்கட போனில எடுத்துத் தாங்கோ. என்ர நம்பரைக் கண்டா எடுக்காமலும் விடுவாள்.

— முதல்ல வளவைப் பாப்பம் வாரும். ... மெற்றில்டா, என்னப்பா இது. மொட்டை அடிச்சு விட்டிருக்கிறீர்.

— பாக்காதையுங்கோ. எனக்கே பாக்க ஏலாமக் கிடக்கு. நேற்றுத் தெரியேல்லை. நான் இருக்க இந்தக் கதிரையை இழுத்து வைச்சு, பிள்ளைக்குப் போன் அடிச்சுத் தாங்கோ, வெளிச்சம் இருக்கேக்கையே.

— அடிக்குது. இந்தாரும்.

— ஹலோ அப்பா? இண்டைக்கு சண்டே எல்லே? எனிதிங் றோங்?

— அப்பா இல்லை.

— ...அம்மா?

— ஓம். அம்மாதான். வைச்சுப்போடாதை.

— வைக்கேல்லை. நீங்கள் ஓகேயோ? அப்பாக்கு ஏதுமோ?

— அவருக்கு ஒண்டும் இல்லை, குத்துக்கல்லாட்டம் பக்கத்தில நிக்கிறார். பிள்ளை, நான் ஒண்டு சொல்லுறன், முழுக்கக் கேட்டுப்போட்டுப் பேசு. கோயிலுக்குக் குருத்தோலை வரேல்லையெண்டு உன்ர மரத்தை நான் வெட்டிப்போட்டன். புழு இருந்த கொப்பையும் சேத்து. வேணுமெண்டு செய்யேல்லை. சத்தியமா எனக்கு நினைவிலயே வரேல்லை. ஆனா இண்டைக்கு லண்டன் முழுக்க அலைஞ்சு எடுத்துக்கொண்டு வந்திட்டன். என்ர கையில இருக்கு.

— எது, அம்மா?

— உன்ர புழு. சுகமா இருக்கு. படுத்திருக்கு.

— ஓ. ஓகே. இருக்கெண்டாச் சரி அம்மா. நீங்கள் வறி பண்ணாதையுங்கோ. மரம் திரும்ப வரும், இந்த வில்லோச் சாதி எல்லாம் வெட்டினாலும் தளிர்க்கும்.

— வீடியோவைப் போடு, காட்டுறன்.

— வேண்டாம் அம்மா. நான் நம்புறன்.

— இல்லை, நீ பாக்கவேணும். இஞ்சாருங்கோ, இதை அமத்துங்கோ. ஆ, தெரியுதே? மெலிஞ்சு போனாய் பிள்ளை. சாப்பிடுறனியே? சரி, இந்தா பார். இதுதானே?

— ...ஓம். அதுதான். ஒரு நூலால அடிமரத்தில கட்டி விடுங்கோ. காணும்.

— கேட்டீரே மெற்றில்டா? இவர்தான் ராசா எண்டு நான் சொன்னனானெல்லே.

— கேட்டனான். நூலைத் தாங்கோ. இதைக் கொஞ்சம் கிட்டப் பிடியுங்கோ. பொறுங்கோ. பிள்ளை, இதின்ர நுனி வெடிச்சிருக்கு. உள்ளுக்குள்ள பச்சையா ஏதோ வருது. நான் நசிச்சுப்போட்டனோ?

— எழும்புறாராக்கும். எமில்டாவின்ர வீட்டுச் சூட்டுக்கு.

— நீங்கள் சும்மா இருங்கோ. புழுவுக்கு இலை முளைக்குமே? இது இலையப்பா. சின்ன இலை, மடிச்சு வைச்சமாதிரி. இது மொட்டு. ஜெனோஜா, நீ இப்ப பாத்தனீ. உனக்கு இது மொட்டெண்டு தெரியேல்லையோ?

— தெரியும் அம்மா.

— பிறகேன் ஓமெண்டனீ? அப்ப புழு எங்கை? எமில்டா வீட்டில விழுந்திட்டுதோ? நாங்கள் திரும்பப் போறம். இஞ்சாருங்கோ, காரை எடுங்கோ.

— போகவேண்டாம், அம்மா. ப்ளீஸ். இருங்கோ. அது தை மாசமே போட்டுது. பனி கொட்டின கிழமை அப்பா அனுப்பின படத்தில அது இல்லை. குருவி கொத்தியிருக்கும், கனக்க அப்பிடித்தான் போறது. அப்பா பக்கத்தில இருந்த மொட்டை எடுத்து அனுப்பினவர். பிறகு ஒவ்வொரு கிழமையும் அந்த மொட்டுத்தான்.

— அப்ப இவ்வளவு நாளும் நான் ஒரு மொட்டுக்கோ குட் மோர்னிங் சொன்னனான்?

— சொறி அப்பா.

— எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நேற்றும் அப்பாவுக்குச் சொன்னனீ, அது எழும்பேக்க பாக்க வாறன், ஈஸ்டருக்கு நிப்பன் எண்டு. நான் குசினிக்குள்ள நிண்டு என்ர காதால கேட்டனான். இல்லாத புழு எப்பிடிப் பிள்ளை எழும்பும்? என்னத்தைப் பாக்க வரப்போறாயெண்டு சொன்னனீ?

— புழுவைப் பாக்க எண்டு வந்தா, நீங்கள் வாசலை மறிக்க மாட்டியளெண்டு நினைச்சன், அம்மா.